பிஎஸ்எல்இயை எடுக்கச் சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பிள்ளைகள் தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதி, எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள் என்பதை முடிவுசெய்யும் தேர்வு பிஎஸ்எல்இ. நவம்பர் கடைசியில் அதன் முடிவுகள் வந்தால் போதும், அந்தத் தேர்வே வேண்டாம் என்ற பேச்சும் பின்னாலேயே வந்துவிடும். 12 வயதுப் பிள்ளைக்கு இத்தனை பாரம் எதற்கு, தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவன் உயர்நிலை நான்குவரை தடையில்லாமல் போகட்டுமே என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வு போய்விட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளின் தமிழ் என்ன கதிக்கு ஆளாகும் என்று அவர்களில் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் உட்லண்ட்ஸில் என் வீட்டு வரவேற்பறையிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். "பிஎஸ்எல்இ போனால் உங்கள் பிழைப்பும் போய்விடும், அதனால்தான் எழுதுகிறீர்கள்" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். இந்தப் பிழைப்பில் இருப்பதால் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

பாரம் உண்மை. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பரில் கேட்டல் தேர்வு, அது முடிந்த கையோடு எழுத்துத் தேர்வு. அந்த மாதங்களில் என்னிடம் இரவு எட்டு மணிக்கு வரும் பிள்ளை, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கணிதத் துணைப்பாடத்துக்குப் போய், அங்கிருந்து எம்ஆர்டி ரயிலில் ஒரு ரொட்டியைத் தின்றுகொண்டே வந்திருக்கும். ஒரு பெண்ணின் பயிற்சி ஏட்டைத் திருத்தும்போது ஓரத்தில் பென்சிலால் சிறியதாக 2+2+3+4=11 என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் 2+2+3+3=10. அந்த மாற்றம் தமிழில். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் எட்டுவரை ஒரு தரநிலை, அதாவது ஏஎல், கிடைக்கும்; ஒன்றுதான் உயர்ந்தது, மொத்தம் குறையக் குறைய நல்லது. நான்கு பாடங்களின் தரநிலைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வேற்றுமை உருபுகளை நிரப்பியிருக்கிறாள். வெளியே காத்திருந்த அம்மாவும் அதே கணக்கைத்தான் என்னிடம் கேட்டார்.

கல்வி அமைச்சு ஒன்றும் செய்யாமல் இல்லை. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி போடும் பழைய டி-ஸ்கோரை 2021இல் எடுத்துவிட்டார்கள். இப்போது உன் மதிப்பெண் எவ்வளவோ அதற்குரிய தரநிலை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன வாங்கினாலும் சரி. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் எல்லா நிலைகளிலும் போய்விட்டன. என் வகுப்பில் அதனால் நடந்த ஒரே மாற்றம், "பள்ளியில்தான் அரையாண்டு இல்லையே, நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள்" என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்ததுதான். வைக்கிறேன். வைக்காவிட்டால் அடுத்த புளோக்கில் வைப்பார்கள்.

சரி, இப்போது மறுபக்கம். பிஎஸ்எல்இயில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்குக்கும் ஒரே மதிப்பு. தமிழில் வாங்கும் தரநிலை கணிதத்தில் வாங்கும் தரநிலைக்குச் சமமாக மொத்தத்தில் சேர்கிறது. தமிழுக்கு வேறு எங்கே இப்படி ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது? வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்பது பாட்டி வீட்டில் கேட்பது. அப்பாவும் அம்மாவும் ஆங்கிலத்தில் பேசி, ஆங்கிலத்தில் சண்டை போட்டு, ஆங்கிலத்திலேயே சமாதானம் ஆகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை, இந்த ஊரில் பிழைப்பு அப்படி.

அப்படி ஒரு தகப்பனார், மகனை எளிமையாக்கிய பாடமான அடிப்படைத் தமிழுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டு வந்தார். பையனுக்குத் தமிழ் தகராறு. நான் மொழி, பண்பாடு என்று எதுவும் பேசவில்லை. அடிப்படைத் தமிழில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது ஏஎல் ஆறாகத்தான் கணக்கில் சேரும் என்று மட்டும் சொன்னேன். மனிதர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். பையன் வழக்கமான தமிழிலேயே தொடர்ந்தான். கணக்குக்காக வைத்துக்கொண்ட தமிழ்தான். இருக்கட்டுமே. இப்போது உயர்நிலையில் படிக்கிறான், பாட்டிக்குத் தமிழில் வாட்ஸ்அப் அனுப்புகிறான், பிழையோடு.

தேர்வில் எண்ணப்படாத தமிழ் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் பிள்ளைகளைத் தொடக்கநிலை மூன்றிலேயே தரம் பிரித்தார்கள். என் தம்பி ஒருமொழிப் பிரிவுக்குப் போனான். ஒரு மொழியை உருப்படியாகக் கற்றால் போதும் என்பது அந்தப் பிரிவின் நோக்கம், அவனுக்கு அந்த ஒரு மொழி ஆங்கிலம். நல்லெண்ணத்தில் செய்ததாகத்தான் இருக்கும். இன்று அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், தேக்கா சந்தையில் பேரம் பேசுவான். கோயில் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்பான். அண்ணன் தங்கை யாருக்கும் இல்லாத கூச்சம் அவனுக்கு உண்டு.

உயர்நிலையில்தான் தமிழ் இருக்கிறதே, அதன் முடிவிலும் ஒரு தேர்வு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் 12 வயதுவரை யாரும் கேட்காத பாடத்தை 16 வயதில் கேட்டால் பிள்ளை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? பிஎஸ்எல்இயில் இல்லாத ஓவியத்தையும் இசையையும் ஆறாம் வகுப்பில் எந்தப் பெற்றோர் விசாரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆகவே தேர்வு இருக்கட்டும் என்கிறேன். இந்த வினாத்தாள் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நானே அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவள். என் அலமாரியில் "அழகிய சொற்றொடர்கள்" ஏடு ஒன்று இருக்கிறது. கதிரவன் தன் பொற்கதிர்களை எங்கும் பரப்பிக்கொண்டிருப்பான், தென்றல் உடலை வருடும், குமரன் சாலையைக் கவனிக்காமல் ஓடுவான், கார் 'கிரீச்' என்று நிற்கும், அவன் இரத்த வெள்ளத்தில் கிடப்பான், கடைசியில் 'பதறாத காரியம் சிதறாது' என்று உணர்வான். வருடம் முழுக்க என் வகுப்பில் குமரன்கள் அடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இவற்றை மனப்பாடம் செய்து கொட்டினால் மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் அதே பிள்ளையிடம் "இன்று பள்ளியில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் நாலு வார்த்தை தமிழில் வராது.

மொத்தம் 200 மதிப்பெண்ணில் கட்டுரைக்கு 40, மொழிப் பயன்பாடும் கருத்தறிதலும் 90, கேட்டலுக்கு 20, வாய்மொழிக்கு 50. அந்த 50தான் எனக்குப் பிடித்த பகுதி. அதில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு உரையாடவும் வேண்டும். அதற்கும் மனப்பாட விடைகள் சந்தையில் உண்டு. ஆனால் தேர்வாளர் எதிர்பாராத ஒரு கேள்வியை இடையில் போட்டால் மனப்பாடம் உதவாது, வீட்டில் பேசிய தமிழ்தான் உதவும். இதற்குத் தயார் செய்ய எந்தத் துணைப்பாட ஆசிரியராலும் முழுதாக முடியாது. வாரம் ஒன்றரை மணி நேரம் என்னோடு பேசினால் போதாது, அப்பா அம்மா வாய் திறந்தாக வேண்டும்.

அதனால் கல்வி அமைச்சு அடுத்த முறை தமிழ்த் தேர்வு அமைப்பை மாற்றும்போது வாய்மொழியின் பங்கை 50இலிருந்து 80ஆகவாவது உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 30ஐ மொழிப் பயன்பாட்டுப் பகுதியிலிருந்து எடுக்கலாம், பிள்ளைகள் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார்கள். கூடவே, 45 முதல் 64வரை எல்லாவற்றையும் ஏஎல் ஆறு என்று ஒரே கூடையில் போடுவதையும் யோசிக்க வேண்டும். 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளையிடம், உன் முன்னேற்றம் கணக்கில் வரவில்லையப்பா என்று ஒவ்வோர் ஆண்டும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தமிழ்த் துணைப்பாட ஆசிரியை ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்