ஏஜென்ட்டை திட்டுறதுக்கு முன்னாடி அந்த நாலு வரியை படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏஐ ஏஜென்ட் (நம்ம சார்பா தானாவே வேலை செய்யற ஏஐ ப்ரோக்ராம்) தப்பா ஆர்டர் போட்டுடுச்சு, கஸ்டமருக்கு கண்டதை சொல்லிடுச்சுன்னு இப்பல்லாம் அடிக்கடி செய்தி வருது, வந்த உடனே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், மாடல் (ஏஜென்ட்டுக்கு மூளையா இருக்கற ஏஐ) சரியில்ல வேற மாடல் மாத்துன்னு. நான் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி, டேனரிங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன். நான் பாத்த வரைக்கும் மாடலை விட, அதுக்கு குடுத்த டூலோட (ஸ்டாக் பாக்க, ஆர்டர் போடன்னு ஏஜென்ட் கூப்பிடற சின்ன ப்ரோக்ராம்) விளக்கத்துலதான் கோளாறு அதிகம். அதை பத்தி யாரும் பேசறதே இல்ல.

ஏஜென்ட்டுக்கு நம்ம ப்ரோக்ராம் உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுங்க. 2023 ஜூன்ல ஓபன்ஏஐ கம்பெனி, மாடல் டூலை கூப்பிடற வசதியை ஃபங்ஷன் காலிங்னு கொண்டு வந்தப்பவும் சரி, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி, டூலை ஏஐயோட இணைக்கிற பொது முறையா எம்சிபி வெளியிட்டப்பவும் சரி, அடிப்படை மாறல. டூலோட பேரு, அது என்ன செய்யும்னு சில வரி, உள்ள என்னென்ன குடுக்கணும்னு ஒரு பட்டியல், மாடல் இதை படிச்சுத்தான் எந்த டூலை கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுது. வேலூர் பஸ் ஸ்டாண்டுல "சென்னை"ன்னு மட்டும் போர்டு மாட்டி, காஞ்சிபுரம் வழியா, இல்ல பைபாஸ் வழியான்னு போடாம விட்டா ஏறுறவன் மேலயா தப்பு?

ஷூ ஸ்டாக் பாக்குற டூலை எடுத்துக்கோங்க. "ஸ்டாக்கை தரும். சைஸ்: எண்." இவ்வளவுதான் எழுதியிருப்பாங்க, எழுதினவருக்கு அதுவே போதும், ஏன்னா அவருக்கு மீதி தெரியும். ஆனா ஆம்பளைங்க ஷூவுல ஜெர்மனிக்காரன் 42ன்னு கேக்கறதும், லண்டன்காரன் 8ன்னு கேக்கறதும், அமெரிக்காக்காரன் 9ன்னு கேக்கறதும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்தான். அமெரிக்க பையர் 9 கேட்டா ஏஜென்ட் 9ன்னே போடும், சிஸ்டத்துல இருக்கறது யூகே எண்ணுன்னா அந்த 9-ம் சிஸ்டம் ஏத்துக்கற எண்தான், அதனால எரர்னு எதுவும் வராது, அமைதியா வேற பெட்டி பேக் ஆகி கன்டெய்னர்ல ஏறிடும். எரர் வந்தா கூட பரவால்ல, வராததுதான் ஆபத்து. இதுக்கு மருந்து பெருசா ஒண்ணும் இல்ல: "சைஸ் யூகே எண்ணுல மட்டும். வேற முறையில சொன்னா முதல்ல சைஸ் மாத்துற டூலை கூப்பிடு. எந்த முறைன்னு தெரியலன்னா யூகிக்காத, திருப்பி கேளு. இந்த டூல் ஸ்டாக்கை காட்டும், ரிசர்வ் பண்ணாது." அந்த கடைசி வரிதான் ரொம்ப முக்கியம், என்ன செய்யாதுன்னு நம்ம ஆளுங்க எழுதறதே கிடையாது!

தோலும் இதே கதைதான். இங்க சதுர அடி கணக்கு, சில வெளிநாட்டு பையர் சதுர டெசிமீட்டர்ல கேப்பான், 1 சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர், யூனிட் எழுதாம விட்டா ஒன்பது மடங்கு வித்தியாசம். மாவட்டம்னு ஒரு கட்டம் இருந்தா அதுலயும் இதே வம்புதான், 2019-ல வேலூரை மூணா பிரிச்ச பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம், பழைய லிஸ்ட்டா புது லிஸ்ட்டான்னு சொல்லணும், முடிஞ்சா லிஸ்ட்டையே குடுத்து இதுல ஒண்ணை மட்டும் எடுன்னு கட்டிப்போடணும் (எங்க வீட்டு பெரியவங்க இன்னும் வடஆற்காடுன்னுதான் அட்ரஸ் எழுதறாங்க, அது வேற).

இதுக்காக ஒவ்வொரு டூலுக்கும் ரெண்டு பக்கம் எழுதுங்கன்னு சொல்லல. விளக்கம் எல்லாம் மாடல் படிக்கிற டெக்ஸ்ட்லதான் சேருது, டோக்கன் (மாடல் படிக்கிற வார்த்தைத் துண்டு, அதை எண்ணித்தான் காசு) காசு ஏறும், கவனமும் சிதறும். ஆர்டர் பாக்க ஒண்ணு, ஆர்டர் நிலவரம் பாக்க இன்னொண்ணுன்னு ரெண்டு டூல் வச்சு ரெண்டுக்கும் ஒரே மாதிரி எழுதறதுக்கு, ஒண்ணை தூக்கிடறது மேல். எரர் மெசேஜும் அப்படித்தான், "இன்வேலிட்"னு சொன்னா ஏஜென்ட் திரும்ப திரும்ப அதையே அனுப்பும், "யூகே சைஸ் 3-லேர்ந்து 13-க்குள்ள குடு"ன்னா அடுத்த வாட்டி சரி பண்ணிக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான் சார். இந்த வரிகளை ப்ரோக்ராம் எழுதற பையன் எழுதக்கூடாது, இல்ல அவன் மட்டும் எழுதக்கூடாது. ஸ்டோர்ஸ்ல இருக்கறவர், கட்டிங் சூப்பர்வைசர், பேக்கிங் அக்கா, இவங்களுக்குத்தான் எங்க குழப்பம் வரும்னு தெரியும், அவங்களை பக்கத்துல உக்கார வச்சு தமிழ்ல சொல்ல சொல்லி டைப் பண்ணுங்க. அப்புறம் பையர் நிஜமா அனுப்புன மெயில்ல சிலதை எடுத்து ஏஜென்ட்டுக்கு குடுத்து எந்த டூலை எடுக்குதுன்னு பாருங்க, தப்பா எடுத்தா மாடலை மாத்தாம வரியை மாத்தி அதே மெயிலை திரும்ப குடுங்க.

உங்க பேப்பர்ல அடுத்த வாட்டி ஏஜென்ட் தப்பு பண்ணுச்சுன்னு செய்தி போடும்போது அந்த டூலோட விளக்கத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னும் கேட்டு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.