நம்ம மூத்தோர் சங்கம், கடலூர் முதுநகர்: 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாசாந்திர கூட்டம், பொங்கல் விழா எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, வரவு செலவு தனித்தாள்ல இருக்கு, பொருளாளர் படிப்பார். நான் பேச வந்தது மாத்திரை விஷயம்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அப்போ கூடை தூக்கி மீன் விக்கிற நம்ம அக்காமாருக்கு வரும்படி சுத்தமா நின்னுடும். அந்த சமயத்துல ஒரு உறுப்பினர் வீட்டுக்கு போய் பிரஷர் மாத்திரைய காட்டுங்கக்கான்னு கேட்டா, எல்லாத்தையும் பாதி பாதியா உடைச்சு வெத்தலப்பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. இன்னைக்கு பாதி, நாளைக்கு கிடையாது, "தலை சுத்துனா மட்டும் முழுசா போடுவேன் தம்பி"ன்னாங்க. பிரஷர் வலிச்சு சொல்லாது, தலை சுத்துற வரைக்கும் பாத்துட்டு இருந்தா பக்கவாதமோ கிட்னி கோளாறோ வந்து நிக்கும்.

ஃப்ரீயாத்தானே தர்றாங்கன்னு சிலர் கேட்டீங்க. உண்மைதான், 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வர்றாங்க, நல்ல திட்டம், ஆனா அவங்க வர்ற நேரத்துல இவங்க தெருத்தெருவா மீன் வித்துட்டு இருப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு போய் வரிசைல நின்னா அன்னைக்கு பொழப்பு போச்சு, கடைசில மெடிக்கல்ல ரெண்டு ரெண்டா வாங்கி ஓட்டுறாங்க. அதனால வீட்ல இருக்குற உறுப்பினர்கள் பக்கத்து வீட்டுக்கும் சேத்து சொல்லி வச்சு வாங்கி வைக்கிறாங்க, இந்த வருஷம் நம்ம செஞ்சதுலயே உருப்படியான வேலை இதுதான்னு நினைக்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. முதியோர் உதவித்தொகை 2023ல ஆயிரத்துல இருந்து 1,200 ஆச்சு, ரேஷன் அரிசியும் இருக்கு, வயிறு ரொம்பிடுது. ஆனா மூணு வேளையும் சோறு, ரசம், இல்லன்னா கஞ்சி, முட்டை வாங்குனா அது பேரப்புள்ளைக்கு. இப்படியே போனா சுகரும் ஏறும், சதையும் கரைஞ்சு கால்ல தெம்பு இல்லாம பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு உடையும், அதோட படுக்கைதான். கூட்டத்துக்கு பிஸ்கட் டீ வேணாம், சுண்டலும் அவிச்ச முட்டையும் குடுக்கலாம்னு மாத்துனது அதுக்குத்தான்.

ஃபெஞ்சல் புயல் முடிஞ்ச கையோட டிசம்பர்ல தென்பெண்ணை பெருகி வந்துச்சே, அப்போ ஆத்தோர சொந்தக்காரங்க வீட்ல இருந்த சில உறுப்பினர்களோட மருந்து நோட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் ஊறிப்போச்சு. இப்ப எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு குடுத்திருக்கோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னா விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு வாங்க, கலெக்டர் ஆபீசுக்கு நாங்க கூட வர்றோம். அது ஆபரேஷன், அட்மிஷனுக்குத்தான் உதவும், தினசரி மாத்திரைக்கு ஆகாது.

அதனால தடைக்கால நிதின்னு ஒண்ணு ஆரம்பிக்கணும்னு செயற்குழுல பேசியிருக்கோம், அந்த ரெண்டு மாசமும் மாத்திரை, பருப்பு, முட்டைக்கு மட்டும். அரசாங்க பென்ஷன் வாங்குற உறுப்பினர்கள் தயவு பண்ணி முடிஞ்சத போடுங்க, கூட்டம் முடியுறதுக்குள்ள பொருளாளர் கிட்ட பேர் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்