தாமிர ஆக்சைடு மீகடத்திகளுக்குச் சிலிக்கான் உவமை பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உயர்வெப்பநிலை மீகடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள்) குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1986-இல் சூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நார்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த வரலாற்றை அருமையாகச் சொன்ன கட்டுரையாளர், மாசூட்டலைப் (வேற்று அணுக்களைச் சிறிதளவு சேர்ப்பதைப்) பற்றிப் பேசும்போது மட்டும் 'சிலிக்கானில் பாஸ்பரஸ் சேர்ப்பதைப் போல' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். இத்துறையின் சிக்கல் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

மாசூட்டும்போது சிலிக்கானில் ஆற்றல் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்புகள்) பெரிதும் மாறுவதில்லை. அவற்றில் எலக்ட்ரான்களோ துளைகளோ (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களோ) கூடுகின்றன, அவ்வளவுதான். மாசூட்டினால் மீகடத்தியாகும் லாந்தனம் தாமிர ஆக்சைடின் நிலையோ வேறு. அதன் தாமிர-ஆக்சிஜன் தளத்தில் தாமிர அணு ஒவ்வொன்றிலும் இணைசேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது; பட்டை பாதி நிரம்பியிருப்பதால், பட்டைக் கொள்கைப்படி அது உலோகமாக இருந்தாக வேண்டும். ஆனால் ஒரே தாமிர அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்க விடாத கடும் விலக்கு விசையால், அது ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட காப்பானாகவே இருக்கிறது.

மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட லாந்தனம் அயனியின் இடத்தில் இரண்டு கொண்ட ஸ்ட்ரான்சியம் அயனி வந்தால், தளத்தில் ஓர் எலக்ட்ரான் குறைகிறது. அப்படி உண்டாகும் துளை பெரும்பாலும் ஆக்சிஜனைச் சார்ந்தே இருக்கிறது. தாமிரம் ஒன்றுக்கு 0.02 துளை சேர்ந்தாலே, அண்டைத் தாமிர எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போன்றது) எதிரெதிராக நின்ற நெடுந்தூர ஒழுங்கு குலைந்துவிடுகிறது. 0.05-ஐ ஒட்டித் தலைகாட்டும் மீகடத்தல், 0.16-இல் 38 கெல்வின் அளவுக்கு உயர்ந்து, 0.27-ஐ ஒட்டி மறைகிறது.

இதற்கிடையே, உந்த வெளியில் எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லையான ஃபெர்மி பரப்பே உருமாறிவிடுகிறது. மிகுதியாக மாசூட்டப்பட்ட, தாலியம் கொண்ட தாமிர ஆக்சைடில் அது பிரில்லுவான் மண்டலத்தின் (அந்த உந்த வெளியின் அடிப்படை அலகின்) ஏறத்தாழ 65 விழுக்காட்டைச் சூழ்ந்த முழு வளையமாக இருக்கிறது. குறைவாக மாசூட்டப்பட்டவற்றிலோ, ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றி ஆராயும் ஒளி உமிழ்வு ஆய்வுகளில் மண்டலத்தின் மூலைவிட்டத்தை ஒட்டிய துண்டு வில்கள் மட்டுமே தெரிகின்றன. தாமிர-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில், மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு மேலேயே 'போலி இடைவெளி' (எலக்ட்ரான் நிலைகள் ஓரளவு குறைந்துபோன ஆற்றல் பகுதி) விழுந்து விடுகிறது. இட்ரியம் கொண்ட தாமிர ஆக்சைடில் கடுங்குளிரிலும் மிக வலிய காந்தப்புலத்திலும் 2007-இல் செய்த அளவீடுகளோ, மண்டலத்தின் ஏறத்தாழ 2 விழுக்காட்டை மட்டுமே சூழ்ந்த சிறு ஃபெர்மி பரப்பைக் கண்டன. அதே சேர்மத்தில் துளைகளைக் கூட்டியபோது, மின்னூட்ட ஊர்திகளின் (மின்னோட்டத்தைச் சுமப்பவற்றின்) எண்ணிக்கை சேர்த்த துளைகளின் அளவிலிருந்து, அதனுடன் தாமிரத்துக்கு ஒன்று வீதம் கூடிய அளவுக்குத் தாவுவதை, காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளக்கும், 2016-இல் வெளியான ஹால் அளவீடுகள் காட்டின. அதுவரை முடங்கிக் கிடந்த எலக்ட்ரான்களும் ஓட்டத்தில் சேர்கின்றன என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். சிலிக்கானில் இதற்கு இணையான நிகழ்வு கிடையாது.

போலி இடைவெளி மீகடத்தலுக்கு முன்னோடியா, போட்டியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கல்லூரி மாணவர்கள் பலர் படிக்கும் பகுதி என்பதால், துளைச் செறிவையும் வெப்பநிலையையும் இரு அச்சுகளாகக் கொண்ட நிலை வரைபடத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர்