இரண்டு சித்தூர்

சித்தூர், பாலக்காடு
ஞாயிறு இரவு

அன்புள்ள ஆந்திராக்காரா,

உன் கடிதம் பதினெட்டு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்றுதான் என் கைக்கு வந்தது. தபால்காரர் மேல் பழி போட வழியில்லை. முகவரியில் ‘சித்தூர்’ என்று எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில் உன் ஆந்திரச் சித்தூரின் பின்கோடையே போட்டிருக்கிறாய். ஆறில் தொடங்க வேண்டியது ஐந்தில் தொடங்கியிருக்கிறது. கடிதம் உன் ஊருக்குள்ளேயே ஒரு வலம் வந்து, யாரோ ஒரு புண்ணியவான் ‘கேரளா’ என்ற சொல்லின் அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்த பிறகுதான் கணவாய் தாண்டியிருக்கிறது. ஐம்பது வருடமாக நாம் சண்டை போட்டுக்கொண்ட விஷயத்தை அந்த உறையே சொல்கிறது. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன்.

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள். தங்கச்சியின் முழங்கால் வலிக்கு என் வீட்டுக்காரி ஒரு தைலம் சொல்லியிருக்கிறாள். அதைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறாள், எனக்குப் படிக்கத் தடை. இங்கே காற்று தொடங்கிவிட்டது. ராத்திரி முழுக்கத் தென்னை மட்டை விழுகிற சத்தம். உன் ஊர் மாம்பழப் பெருமையை இந்த முறையும் நாலு வரி எழுதியிருக்கிறாய். மாம்பழத்துக்குப் பேர்போன எங்கள் முதலமடை எனக்கு ஒரு மணி நேர பஸ் தூரம்கூட இல்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

கடையை ஒருவழியாகக் காலி செய்துவிட்டேன். மைக் செட் தொழில் எப்போதோ போய்விட்டது. கல்யாண மண்டபங்களே சொந்தமாக ஸ்பீக்கர் வைத்துக்கொண்ட பிறகு என்னை யார் கூப்பிடுவார்கள்? மகன் அந்த இடத்தில் செல்போன் சாமான் விற்கப் போகிறான். இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டேன். ஆம்ப்ளிஃபையரைப் போட மனம் வரவில்லை. மரப் பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாள் சுற்றி, கிராமபோன் அரக்குத் தட்டு ஒன்று கிடைத்தது. ‘மிஸ்ஸியம்மா’ படத்துப் பாட்டு. ‘வாராயோ வெண்ணிலாவே’ பக்கம் மேலே இருந்தது.

விளிம்பிலிருந்து நடு லேபிள் வரை தலைமுடி போல ஒரு விரிசல். கையில் எடுத்தால் தெரியாது, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். சாவி கொடுத்து ஓடவிட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முள் அந்த விரிசலில் ஏறி இறங்கி ‘டக்’ என்றது. நிமிடத்துக்கு 78 சுற்று, பாட்டு மூன்று நிமிடம். இருநூற்றுச் சொச்சம் ‘டக்’. முதல் சரணம் வரை எரிச்சலாக இருந்தது. அப்புறம் அதுவே தாளமாகிவிட்டது. லேபிளில் இரண்டு பெயர்கள்: ஏ. எம். ராஜா, பி. லீலா.

உனக்கு நினைவிருக்கும். 1975, கோடம்பாக்கம் லாட்ஜ், மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறை. மற்றவர்களுக்கு நான் மலையாளத்தான், நீ தெலுங்கன். இரண்டு பேர் வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. ஒரு நாள் நீ ஏதோ ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து, ‘சித்தூர் தந்த பாடகி பி. லீலா’ என்ற வரியைக் காட்டி, பார்த்தாயா, எங்கள் ஊர்க்காரி என்று குதித்தாய். நான் விடவில்லை. சின்ன வயதில் ரேடியோவில் ‘பெரியாறே’ பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படி மலையாளம் பாடுகிறவர் மலையாளியாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே ராஜா எங்கள் சித்தூர்க்காரர் என்று அடித்துச் சொன்னேன். பந்தயம் இரண்டு செட் பரோட்டா.

இரண்டு பேருமே முட்டாள்கள். லீலா எங்கள் சித்தூரில் 1934இல் பிறந்தவர். ராஜா உங்கள் சித்தூர் மாவட்டத்து ராமச்சந்திராபுரத்துக்காரர். நீ என் ஊர்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனாய், நான் உன் ஊர்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். லீலா விஷயத்தை நீ மறு வாரமே ஒப்புக்கொண்டுவிட்டாய். ராஜா விஷயத்தை நான் ஒப்புக்கொண்டதே இல்லை, பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்: ராஜா உன்னுடையவர். 1989இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் அவர் ரயிலில் அடிபட்டு இறந்த செய்தி வந்த அன்று நான் ஒரு கல்யாணத்தில் செட் கட்டிக்கொண்டிருந்தேன். காதல் தோற்ற கதை, கல்யாண வீட்டில் போடக் கூடாது என்று தெரிந்தும், அவரே இசையமைத்த ‘கல்யாணப் பரிசு’ பாட்டுகளைத்தான் போட்டேன். பெயரிலேயே கல்யாணம் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

பேரனுக்குப் பள்ளியில் வினாடி வினா, யாருக்கும் விடை தெரியாத பழைய சினிமாக் கேள்விகள் நாலு அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். யாருக்கும் தெரியாததைக் கேட்பதில் என்ன சுவை? கேட்டவுடன் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும், தூக்கியவர்கள் எல்லோரும் தப்பாகச் சொல்ல வேண்டும். அதுதான் கேள்வி. உன் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. சித்தூர் நாகையா எந்த ஊரில் பிறந்தார்? வகுப்பே சிரிக்கும். ஆனால் அவர் குண்டூர்ப் பக்கத்து ரேபல்லெயில் பிறந்தவர். உங்கள் ஊர் ராமவிலாச சபாவில் நாடகம் ஆடியதால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. சித்தூர் மாவட்டத்தில் பிறந்த ராஜாவின் பெயரில் சித்தூர் இல்லை, பிறக்காதவரின் பெயரில் இருக்கிறது. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வில் ராணாவாக வந்தவர் அவர்தான் என்பதையும் பையனுக்குச் சொல்லிவை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த முகம் தெரியாது.

‘மிஸ்ஸியம்மா’விலிருந்தே இன்னொன்று எடுக்கலாம். 1955இல் அது தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே வந்தது. தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என். டி. ராமராவ், இரண்டிலும் சாவித்திரி. அந்த வேடத்தில் முதலில் நடித்துக்கொண்டிருந்தவர் பானுமதி. தயாரிப்பாளர் சக்கரபாணியோடு மனத்தாங்கல் வந்து, எடுத்த ரீல்கள் வீணாயின. இரண்டாம் நாயகியாக வர இருந்த சாவித்திரி முதல் நாயகியானார். நிலாப் பாட்டு மட்டும் இரண்டு மொழியிலும் அதே இரண்டு குரல்தான், ராஜாவும் லீலாவும். உன் வீட்டில் தெலுங்கு வட்டு, என் வீட்டில் தமிழ் வட்டு.

அந்த நிலாவைப் படம் பிடித்தவர் மார்கஸ் பார்ட்லி. இரண்டு வருடம் கழித்து ‘மாயாபஜார்’ படகுப் பாட்டில் வருகிற நிலாவும் அவர் கைவண்ணம்தான். அதிலும் பெண் குரல் எங்கள் லீலா, ஆண் குரல் கண்டசாலா. 1965இல் ‘செம்மீன்’ கடற்கரையைப் பிடித்தவரும் அவரே. தென்னாட்டிலிருந்து முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய படம் அது. அதற்கு இசை வங்காளத்து சலில் சௌத்ரி, ‘மானச மைனே வரூ’ பாடியது மன்னா டே. மலையாளக் கடற்கரைக்குப் பாட வங்காளத்திலிருந்து ஆள் வந்தார் என்று இங்கே அந்த நாளில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இப்போது அவர்கள் பேரன்கள் அந்தப் பாட்டைக் கோயில் கச்சேரியில் பாடிக் கைதட்டு வாங்குகிறார்கள்.

ராஜாவைக் கொடுத்துவிட்டதால் என் பக்கத்துக் கணக்கை நான் சரிக்கட்ட வேண்டாமா? போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் பாலக்காட்டு எலப்புள்ளி போனேன். எம். எஸ். விஸ்வநாதன் 1928இல் பிறந்த ஊர். வயல், பனை, ஒரு வளைவு, டீக்கடை. டீக்கடையில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். நம்ம விஸ்வநாதனா என்று, பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போலச் சொன்னார். பேத்தி கூட வந்திருந்தாள். கோயம்புத்தூரில் படிக்கிறாள், காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடித்தான் வகுப்பு தொடங்கும். தினமும் நீ பாடுகிற பாட்டுக்கு மெட்டுப் போட்டவரின் ஊர் இது என்றேன். அவள் பனைமரத்தை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், தமிழ்நாட்டுப் பாட்டாச்சே தாத்தா என்றாள். அங்கேயே அவளுக்கு மீதியையும் சொன்னேன். மெட்டு மோகனம், அதைப் போட்டவர் எலப்புள்ளிக்காரர். வரிகளை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். 1891இல் வந்த அவருடைய நாடகத்தின் தொடக்கப் பாட்டு அது. அரசு விழாக்களில் பாட வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது 1970இல். சொல்லும் இந்தப் பக்கம், ஸ்வரமும் இந்தப் பக்கம். திங்கட்கிழமை இதை அவள் வகுப்பில் சொன்னாளாம். தோழி ஒருத்தி நம்பவில்லையாம். ரத்தம் அப்படியே வந்திருக்கிறது, பந்தயம் கட்டிவிட்டாள்!

பேரனுக்கு என் கடைசிக் கேள்வி, இதை நன்றாகக் குறித்துக்கொள்ளச் சொல். பாலக்காட்டு வேர் உள்ள மூன்று பேர், கதாநாயகன், இயக்குநர், இசையமைப்பாளர், ஒன்று சேர்ந்த தமிழ்ப் படம் எது? நாம் பார்த்த படம்தான். லாட்ஜில் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தோம், நீ செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தாய். ‘நாளை நமதே’. எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தாலும் அம்மா சத்தியபாமாவின் ஊர் எங்கள் பக்கத்து வடவன்னூர். இயக்கிய கே. எஸ். சேதுமாதவன் பாலக்காட்டுக்காரர். இசை விஸ்வநாதன். இந்தியில் வந்த ‘யாதோன் கி பாராத்’தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று இரவு நீ ‘நீல நயனங்களில்’ பாட்டை ஜேசுதாஸ் மாதிரியே பாடப் பார்த்துப் பக்கத்து அறைக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். மூன்று பாலக்காட்டுக்காரர்களின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று அன்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பரோட்டாவை நான் அன்றே ஜெயித்திருப்பேன்.

அதே சேதுமாதவனும் விஸ்வநாதனும் அதற்கு முன்பே ‘பணிதீராத்த வீடு’ என்ற மலையாளப் படத்தில் சேர்ந்திருந்தார்கள். அதில் வயலார் எழுதிய ‘கண்ணுநீர்த்துள்ளியே’ பாட்டை விஸ்வநாதனே பாடியிருக்கிறார். தேடிக் கேள். தமிழில் அந்தக் குரல் ஊருக்கே கேட்கிற மாதிரி உயர்ந்து போகும். இங்கே தாழ்ந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல வருகிறது. எனக்கு இதுதான் ஒரு படி மேல். நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். அப்புறம், தேசிய அளவில் சிறந்த படம் என்ற விருதைத் தமிழுக்கு முதலில் வாங்கித் தந்ததும் சேதுமாதவன்தான், 1990ஆம் ஆண்டின் ‘மறுபக்கம்’. இதைப் பேரன் கேட்டால் வாத்தியார்களே தடுமாறுவார்கள்.

எழுதிக்கொண்டே போனால் பன்னிரண்டு மணியாகிவிடும். வீட்டுக்காரி இரண்டு முறை விளக்கை அணைக்க வந்துவிட்டாள். மாசி மாதம் இங்கே கொங்கன் படை. பகவதி கோயிலில், கொங்கு நாட்டிலிருந்து வந்த படையை விரட்டியதைக் கொண்டாடுகிற திருவிழா. விரட்டப்பட்டவர்களின் மொழியைப் பேசுகிற நாங்கள் வருடம் தவறாமல் முன்வரிசையில் நின்று பார்க்கிறோம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. முழங்காலுக்குத் தோதாகக் கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன். ரயிலில் கோயம்புத்தூரில் இறங்கினால் மகன் வண்டி கொண்டுவருவான்.

வட்டை உனக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு தாம்பாளத்துக்கு நடுவே துண்டு சுற்றிக் கட்டியும் பார்த்தேன். ஆனால் பின்கோடே சரியாகப் போடத் தெரியாதவனோடு தபால் போக்குவரத்து வைத்துக்கொள்ள பயமாக இருக்கிறது. நீயே வந்து கேள். தகர டப்பாவில் ஆறு முள் மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் ஓடினால் ஒரு முள் போயிற்று, பழைய முள்ளைப் போட்டால் தட்டைத் தின்றுவிடும். நேற்று ஒன்றைச் செலவழித்துவிட்டேன். மீதி ஐந்தையும் டப்பாவை மூடி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். மாசி வரை தொட மாட்டேன்.

உன்
பாலக்காட்டான்