ஏழு அரசர்களும் மிளகுக் கிழவியும்

கூடலூர்,
தேனி மாவட்டம்.

அன்புள்ள மாப்ள,

நீ எழுதுகிற நாவலில் அனுப்பிய நான்கு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். இங்கே முதல் போக நடவு முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதம் வந்திருக்கிறது என்றதும், உன் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்றுதான் முதலில் கேட்டாள். அதை மறக்காமல் எழுது.

சரி, கதைக்கு வருகிறேன். நீயாகப் படைத்த அந்த நாட்டைப் பற்றி வாசகனுக்கு எவ்வளவு சொல்வது என்று கேட்டிருந்தாய். முதல் அத்தியாயத்தில் ஏழு அரசர்களின் வம்சாவளி, மூன்று நிலாக்களை வைத்துப் போட்ட நாட்காட்டி, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற நாடுகளின் போர் எல்லாம் வருகின்றன. உன் கதாநாயகி, அந்தக் காற்றைக் கட்டும் பெண், அதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறாள். எத்தனை ஆசையோடு யோசித்திருக்கிறாய் என்று தெரிகிறது. ஆனால் அந்தப் போரில் யாருக்கு என்ன போயிற்று என்று தெரியாததால், இரண்டாம் அத்தியாயம் போவதற்குள் அரசர்கள் பெயரெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

மூன்றாம் அத்தியாயம் அப்படியில்லை. சுங்கச்சாவடியில் மிளகை மடியில் மறைத்துக்கொண்டு நிற்கிற கிழவி, "இன்னைக்கு ரெண்டு நிலா, காவல் கூட இருக்கும், போகாதே தாயி" என்கிறாளே, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலாக் கணக்கு, வரி, பகை எல்லாம் அந்த ஒரு பேச்சிலேயே வந்துவிட்டது. அவள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. தன் மிளகைக் காப்பாற்றப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

நம் ஊரையே எடுத்துக்கொள். மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 999 வருடக் குத்தகை என்று 1886-இல் கையெழுத்தானது. 1895-இல் அணை முடிந்தது. அந்நியன் ஒருவனிடம் சொன்னால் நீ கற்பனை செய்த நாடு என்றே நினைப்பான். ஆனால் இங்கே யார் இதைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? கடையில் சாமி படங்களோடு, அணையைக் கட்டிய பென்னிகுவிக் படமும் தொங்குகிறது. "தண்ணி திறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போகிறார்கள். வெளியூர்க்காரன் அந்தப் படத்தைப் பார்த்தாலே, இங்கே தண்ணீருக்குப் பின்னால் ஏதோ பெரிய கதை இருக்கிறது என்று புரிந்துகொள்வான்.

2011 டிசம்பரில் இந்த முல்லைப்பெரியாறு அணைத் தகராறில் குமுளியில் கேரள எல்லை அடைபட்டது உனக்கு நினைவிருக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறவில்லை, கூலி நின்றுபோனது. அப்போதுதான் டீக்கடை பெஞ்சில் குத்தகை எந்த வருஷம், அணையில் தண்ணீர் 136 அடி என்றால் என்ன, 142 என்றால் என்ன, 152 என்றால் என்ன என்று வரிவரியாகப் பேசினார்கள். யாரும் எழுந்து போகவில்லை. அடுப்பு எரிவது அந்தக் கணக்கில் இருந்தது. உன் நாட்டின் வரலாற்றுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும். நாலாம் அத்தியாயத்தில் கணவாய்க் கதவு மூடி, காற்றைக் கட்டும் பெண்ணின் தம்பி அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறான் அல்லவா? போரின் கதையை அங்கே, மகனை எதிர்பார்த்து நிற்கும் அப்பனின் வாயில் கொடு. அங்கே இரண்டு பக்கம் பேசினாலும் படிப்பேன்.

ஒன்றை மட்டும் நீ கதையில் முன்னாலேயே சொல்லியாக வேண்டும். காற்றைக் கட்டும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நினைவு அழிந்துபோகிறது என்பதை, தம்பியை மீட்கிற நேரத்தில்தான் சொல்கிறாய். அது ரொம்பப் பிந்திவிட்டது. படிப்பவனுக்கு அவசரத்தில் கண்டுபிடித்த விதி மாதிரி தெரியும். முதல் அத்தியாயத்திலேயே நெல் தூற்ற ஒரு சின்னக் காற்றைக் கட்டட்டும், அன்று ராத்திரி அம்மா பாடிய தாலாட்டில் ஓரடி வராமல் தவிக்கட்டும். ஐந்து வரி போதும். அப்புறம் கதவு முன்னால் அவள் கை தூக்கும்போது, எதைக் கொடுக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கும், பதறுவேன்.

தொல்காப்பியத்தில் முதல், கரு, உரி என்று படித்தோமே, அதை இப்போது ஒரு கதைக்காரனாக எடுத்துப் பார். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கரு. மனசுக்குள் நடக்கிற கூடலும் பிரிவும் ஏக்கமும் உரி. ஓர் உலகத்தைக் கட்ட இதைவிட நல்ல பட்டியலை நான் பார்த்ததில்லை. ஆனால் நாலிலிருந்து எட்டு அடிக்குள் முடிகிற குறுந்தொகைப் பாட்டில் எவனாவது அத்தனையையும் திணித்தானா? ஒரு வேங்கை மரம், ஒரு கிளி, கூடவே தலைவியின் மனசு. முப்பத்தோரு அடி வரை போகிற அகநானூற்றில் இன்னும் கொஞ்சம் நின்று சுற்றிப் பார்க்கிறார்கள். உன்னுடையது நாவல், உனக்கு இடம் அதிகம். ஆனால் உரிப்பொருள் இல்லாத பக்கத்தில் மற்ற எதுவும் ஒட்டாது என்றுதான் எனக்குப் படுகிறது.

வம்சாவளியைத் தூக்கிப் போட்டுவிடாதே. உனக்கு அது வேண்டும். கிழவியை அத்தனை உறுதியாகப் பேசவைத்ததே அதுதான். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் அரச வம்சங்களையும் நாட்காட்டிகளையும் மூன்றாம் பாகத்தின் கடைசியில் பின்னிணைப்பாக வைத்தார். தேடுகிறவன் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நீயும் அப்படிச் செய்யலாம்.

மூன்றாவது நிலா மட்டும் எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலு அத்தியாயத்தில் அது எதையும் மாற்றவில்லை. பின்னால் அதற்கு வேலை வைத்திருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடு.

ஐந்தாம் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு. அடுத்த சித்ரா பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு வா. கண்ணகி கோவிலுக்கு அந்த ஒரு நாள்தான் விடுகிறார்கள். பளியன்குடி வழியாக நடந்தே ஏறலாம்.

அன்புடன்,
உன் கூடலூர்க்காரன்