வான்கதவு திறக்கும் இரவுக்காக

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலாளர்களுக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவினருக்கும்,

வணக்கம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது நான் முரசுமோட்டையில் இருந்தேன். முற்றத்தில் முழங்காலளவு வெள்ளம். பன்னங்கண்டியில் இருந்த அக்காவுக்கு விடியும்வரை அழைத்தேன். ஒரு அழைப்பும் போகவில்லை. மின்சாரம் நின்றால் கைபேசிக் கோபுரத்தின் உயிர் அதன் பற்றரி தீரும்வரைதான். அக்கா பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார் என்பதை மறுநாள் படகில் வந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அமெச்சூர் வானொலியாளர்களை, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசுபவர்களை, உங்கள் அனர்த்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2004 ஆழிப்பேரலையில் அம்பாந்தோட்டையின் தொலைபேசிகள் செத்துப்போனபோது, அந்த ஊரைக் கொழும்புடன் இணைத்தவர்கள் சிற்றலைக் கருவியோடு போன இத்தகைய தொண்டர்கள். சம்பளம் வாங்காதவர்கள். அதே நாளில் முல்லைத்தீவிலும் கடல் ஏறியது.

நான் பௌதிகவியல் ஆசிரியர். இரண்டு பனைகளுக்கிடையே ஏறத்தாழ 20 மீற்றர் கம்பியைத் தாழ்வாகக் கட்டி, உழவு இயந்திரத்தின் 12 வோல்ட் பற்றரியில் 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் கருவியை இயக்கினால், அலை மேலே போய், வானலைகளைத் திருப்பி அனுப்பும் உயர்வளி அடுக்கான அயனமண்டலத்தில் திரும்பிச் சில நூறு கிலோமீற்றர் தூரத்துக்குள் இறங்கும். கோபுரம் ஒன்றும் வேண்டாம். நாயாற்றுப் பாலத்தில் வெள்ளம் பாய்ந்தாலும், எத்தனை குடும்பம், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பது மாவட்டச் செயலகத்தை அடையும்.

தடையாக இருப்பது கருவி அல்ல, பயம். பற்றரிக்கே தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட மக்கள் நாங்கள். பேசும் கருவி வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் போர் எங்களுக்குக் கற்பித்தது. இன்றும் ஒரு மாணவன் வானொலி கட்டப்போகிறேன் என்றால் தாயின் முகம் வாடுகிறது. அந்தத் தாயை என்னால் குறை சொல்ல முடியாது. "உரிமம் பெற்றவர் எங்கள் தொண்டர்" என்று நீங்கள் பொலிஸாருக்கும் படையினருக்கும் எழுத்தில் அறிவித்தால் மட்டுமே அவர் சம்மதிப்பார்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் பேசி, உரிமத்துக்கான வகுப்பையும் பரீட்சையையும் கிளிநொச்சியில் தமிழில் நடத்தச் செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வரும் ஒத்திகையில் எங்களுக்கும் ஒரு மேசை தாருங்கள்.

பனைகள் எங்கள் வளவில் நிற்கின்றன. கம்பி கட்ட என் மாணவர் ஆறு பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முரசுமோட்டை ஆசிரியர் ஒருவர்