பிரிட்டன் விலகியதில் நமக்கும் நன்மை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் பிரிட்டன் இழந்தவை பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இழப்பு உண்டு, சரி. ஆனால் ஒன்றியத்தில் இருந்தவரை அந்நாடு தன் இறக்குமதி வரியைத் தனித்து முடிவு செய்ய முடியாது. 2020-இல் வெளியேறிய பிறகுதான் அந்த உரிமை திரும்பியது. அதனால்தான் 2024 டிசம்பரில், மலேசியாவும் அங்கம் வகிக்கும் சிபிடிபிபி என்னும் பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்து, நம் செம்பனை எண்ணெய்க்கான வரியை நீக்க முடிந்தது.

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். விலை சரிந்த மாதங்களில் அப்பாவின் சம்பளம் குறைந்து, மளிகைக் கடையில் கடன் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். சந்தை ஒன்று கூடுதலாகத் திறப்பது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. இந்த ஒப்பந்தத்தின் வரிச்சலுகைகளைப் பெறும் வழியைப் பினாங்கின் சிறு ஏற்றுமதியாளர்களுக்கு, மலேசிய அரசின் வெளிநாட்டு வர்த்தக மேம்பாட்டுக் கழகமான மேட்ரேட் தமிழிலும் விளக்க வேண்டும்.

வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு